பத்துப் பிள்ளைகளுக்கு மொத்த விலை

ஆரியசாலை,
திருவனந்தபுரம்.
5-12-1999, ஞாயிறு

மதிப்புக்குரிய மச்சான் சொரிமுத்து அவர்கள் சமூகத்துக்கு லிங்கராஜ் வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும், உங்கள் தங்கை கலைச்செல்வியும், உங்கள் மருமகன் மஹேஷும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. முறைக்காக எழுதிவிட்டேன். அங்கே நீங்கள், கோமதியக்கா, பிள்ளைகள், புதிதாக வாங்கிய வேன் எல்லாம் சுகமாக இருக்க வேண்டுமென்று போன வெள்ளிக்கிழமை பழவங்காடிப் பிள்ளையாருக்கு ஒரு தேங்காய் உடைத்தேன். அது உங்கள் கடிதம் வருவதற்கு முன்னால். வந்த பிறகு என்றால் உங்கள் பேரைச் சொல்லியிருப்பேனா என்பது சந்தேகம்தான்.

கடிதம் நேற்றுக் கடை விலாசத்துக்கு வந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஒருத்திக்குக் காசு கொடுப்பதும், அந்தக் காசைச் சம்பாதிக்க இன்னொருத்தி வேலைக்குப் போவதும் என்ன கூத்து, செல்வி வேலையை விடட்டும், அடுத்த ஞாயிறு வேனோடு வந்து அவளையும் பிள்ளையையும் அம்பாசமுத்திரத்துக்கு அழைத்துப் போகிறேன், மாப்பிள்ளை மாசம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போகலாம் என்று எழுதியிருந்தீர்கள். படித்த வேகத்தில் கல்லாப்பெட்டியை ஓங்கிச் சாத்தினேன், கட்டைவிரல் நகம் கறுத்துவிட்டது. எழுத்துக் கோணலாக இருந்தால் அதுதான் காரணம். கோபம் உங்கள் மேல் இல்லை. உங்கள் மேலும் கொஞ்சம் உண்டு. ஆனால் யார் யார் மேல் எவ்வளவு என்று புரிய வேண்டுமானால் நீங்கள் முழுக்கதையையும் கேட்க வேண்டும், ஆகையால் வேனைத் துடைத்துக்கொண்டே படிக்காமல் உட்கார்ந்து படியுங்கள்.

மஹேஷை விட்டிருக்கும் இடத்துக்குப் பொன்னுண்ணி டே கேர் என்று பேர். கிள்ளிப்பாலம் பக்கம், வாசலில் முயல் படம் போட்ட வீடு. நடத்துகிற அம்மாள் சுசீலாபாய். எல்லாரும் டீச்சர் என்பார்கள், எங்கே என்ன சொல்லிக்கொடுத்தார் என்று யாருக்கும் தெரியாது. மாசக் கட்டணத்துக்கு எங்கள் கடையில் அரை மூட்டை துவரம்பருப்பு எடுக்கலாம். அது வெறும் கட்டணம் மட்டும்தான். பிள்ளை படுக்கப் பாய் வேண்டும், அதை அவர்களிடம்தான் வாங்க வேண்டும், வருஷக் கடைசியில் பாய் அங்கேயே தங்கிவிடும், அடுத்த வருஷம் அதே பாயை இன்னொரு அப்பன் வாங்குவான். பால் நாம் கொண்டுபோக வேண்டும், அதைச் சுடவைத்துக் கொடுக்கத் தனிக் காசு. சாயங்காலம் ஐந்தரை தாண்டினால் கால்மணிக்கு இவ்வளவு என்று அபராதம். பஸ்காரன் ஸ்டாப்பில் நிற்காமல் போனால் அவனுக்கு அபராதம் கிடையாது, எனக்குத்தான். பிள்ளைக்குக் காய்ச்சல் வந்தால் கொண்டுவரக் கூடாது என்பது சட்டம், கொண்டுவராத நாளுக்கும் காசு உண்டு என்பது அதைவிடப் பெரிய சட்டம். உங்களுக்கு நோக்குகூலி என்றால் தெரியுமோ என்னவோ. இந்த ஊரில் நம்முடைய சாமானை நாமே லாரியிலிருந்து இறக்கினாலும் யூனியன் ஆட்கள் நின்று பார்த்ததற்குக் கூலி கொடுக்க வேண்டும், அதற்குத்தான் அந்தப் பேர். யூனியன்காரனாவது வெயிலில் நின்று பார்க்கிறான். சுசீலாபாய் என் பிள்ளையைப் பார்க்காமலேயே நோக்குகூலி வாங்குகிறார்.

சரி, அப்படி ஏன் அங்கே விட வேண்டும் என்று கேட்பீர்கள். செல்வி ஆஸ்பத்திரியில் நர்சு வேலைக்குச் சேர்ந்து இரண்டு வருஷமாகப் போகிறது, வருகிற தையில் நிரந்தரம் ஆக வேண்டும். ஆகிவிட்டால் சம்பளம் ஏறும், பி.எஃப். பிடிப்பார்கள், மஹேஷுக்கு வைத்தியம் இலவசம். பொன்னுண்ணிக்காரர்கள் சொல்லாமல் கொள்ளாமல் பூட்டியதால் அவள் இரண்டு தடவை திடீர் லீவு போட்டுவிட்டாள். மூன்றாவது தடவை போட்டால் லிஸ்டில் உன் பேர் இருக்காது என்று மேட்ரன் முகத்துக்கு நேரே சொல்லிவிட்டார். ஆக, என் பெண்டாட்டியின் உத்தியோகம் சுசீலாபாய் காலையில் கதவைத் திறக்கிறாரா இல்லையா என்பதில் தொங்கிக்கொண்டு இருக்கிறது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மாசம் பிறந்ததும் செல்வி சம்பளக் கவரைக் கொண்டுவந்து மேசைமேல் வைப்பாள். நான் அதிலிருந்து நர்சரிக்கு எடுத்து ஒரு பக்கம் வைப்பேன், பஸ்ஸுக்கு எடுத்து இன்னொரு பக்கம் வைப்பேன். மிச்சம் இருப்பதோடு கவரைத் தூக்கி ஆட்டிக் காட்டி, "இதுக்காகவா இத்தனை ஓட்டம்?" என்பேன். அவள் ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விடுவாள். நீங்கள் கடிதத்தில் எழுதியிருப்பதும் இதேதான், நான் மாசாமாசம் பேசுகிற வசனத்தை நீங்கள் இன்லண்டு கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். அப்படியிருக்க எனக்கு ஏன் கோபம் வந்தது என்று தெரியவில்லை. நான் சொல்லலாம், நீங்கள் சொல்லக் கூடாது என்று வைத்துக்கொள்ளுங்கள்.

ஓணம் கழிந்ததும் சுசீலாபாய் கட்டணத்தை ஏற்றினார். எதற்கென்று கேட்டால், மகாபலியே வருஷத்துக்கு ஒருதடவைதான் வருகிறார், கட்டணமும் வருஷத்துக்கு ஒருதடவைதானே ஏறுகிறது என்று சிரித்தார். அன்றைக்குத்தான் எனக்கு அந்த அறிவு வந்தது. அதை அறிவு என்று அப்போது நினைத்தேன். மச்சான், நான் பிச்சைக்கனி முதலாளி கடையில் பதினோரு வருஷமாகப் பருப்பு மொத்த வியாபாரம் பார்க்கிறவன். ஒரு கிலோ கேட்டால் ஒரு விலை, ஒரு மூட்டைக்கு ஒரு விலை, ஒரு லாரிக்கு வேறு விலை. இது பருப்புக்கு உண்டு, மிளகாய்க்கு உண்டு, செருப்புக்குக்கூட உண்டு. பிள்ளைக்கு மட்டும் ஏன் சில்லறை விலை கொடுக்க வேண்டும்? நேரே போய்க் கேட்டேன். "டீச்சர், நான் ஒத்தப் பிள்ளைய விடுறதுக்குப் பதிலா பத்துப் பிள்ளையக் கொண்டுவந்து எறக்குதேன். என்ன வெல போடுவீங்க?"

அவர் ஆச்சரியப்படவே இல்லை. அப்போதே நான் சுதாரித்திருக்க வேண்டும். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, "பத்து குட்டிகள்னா பத்து தன்னே இருக்கணும், ஒம்பது ஆகப்படாது, கேட்டோ. கொண்டுவரது நீங்க, பொறுப்பும் நீங்க. எனக்கு ஒரே பார்ட்டிதான்" என்றார். நாலில் மூன்று பங்கு குறைத்துச் சொன்னேன், அவர் ஏற்றினார், நான் எழுந்து வாசல்வரைக்கும் போனேன், அவர் கூப்பிட்டார், கடைசியில் மூன்றில் ஒரு பங்கு குறைப்பு என்று படிந்தது. திரும்பி வரும்போது எனக்கு இருந்த கர்வத்தைச் சொல்லி முடியாது. திருவனந்தபுரத்திலேயே பிள்ளை வளர்ப்புக்கு மொத்த விலை பேசிய முதல் ஆள் நான்தான் என்று செல்வியிடம் சொன்னேன். அவள், "நாளைக்கு மஹேஷுக்கு மாத்துத் துணி எடுத்து வைக்க மறந்துராதிய" என்றாள்.

பத்துப் பிள்ளை சேர்ப்பது பெரிய காரியமாக இல்லை. ஆரியசாலையிலும் சாலைக் கடைத்தெருவிலும் புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் வேலைக்குப் போகிற வீடுதான் பாதி. பழவங்காடியில் தையல்கடை வைத்திருக்கும் சபீனா தன் பையனைக் கொண்டுவந்தாள். அக்கிரகாரத்திலிருந்து பேங்கு குமாஸ்தா நாகேஸ்வரன் தன் மூன்று வயசுப் பெண் ஸ்மிதாவோடு வந்தார். அவர் சம்சாரத்துக்கு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் வேலை. மற்றவர்கள் லாட்ஜில், துணிக்கடையில், லேபில் என்று ஒவ்வொரு பக்கம். மொத்த விலை என்றதும் எல்லாருக்கும் முகம் மலர்ந்துவிட்டது. எனக்குத் தரகு ஒரு காசு கிடையாது. புண்ணியத்துக்குச் செய்தேன், அதற்குத்தான் இந்தப் பாடு.

முதல் வாரமே கடை போன் அடிக்க ஆரம்பித்தது. ஏதோ ஒரு பிள்ளை இன்னொரு பிள்ளையைக் கடித்துவிட்டது. கடித்த பிள்ளையும் என்னுடையது இல்லை, கடிபட்டதும் என்னுடையது இல்லை, ஆனால் இரண்டும் என் வழியாக வந்த சரக்கு. "டீச்சர், அந்தப் பிள்ளையோட அப்பாகிட்டச் சொல்லுங்க" என்றேன். "எனக்கு அப்பன்மாரைத் தெரியாது, லிங்கராஜே. எனக்கு பார்ட்டி நீங்கதான். எங்க அச்சன் சாலைக் கம்போளத்துல முப்பது வருஷம் கொப்பரை வியாபாரம் செஞ்சதாக்கும். சரக்குல கேடு உண்டெங்கில் கொண்டுவந்தவன்தான் பதில் பறயணும், அல்லே?" என்றார். இதை முதல் நாளே சொல்லியிருக்க வேண்டாமா, மச்சான்? நான் என்னமோ ஒரு டீச்சரம்மாவிடம் வியாபார சாமர்த்தியம் காட்டுவதாக நினைத்துக்கொண்டிருந்தேன், அவர் கொப்பரைத் தூசியில் தவழ்ந்து வளர்ந்தவர்.

அதிலிருந்து எல்லாம் கம்போள முறைப்படியே, சந்தைக் கணக்காகவே நடந்தது. பத்து வீட்டுக் காசையும் நான்தான் வசூல் பண்ணிக் கட்ட வேண்டும். எவன் வீட்டில் காசு தாமதமானாலும் என் கையிலிருந்து போட வேண்டும். எந்தப் பிள்ளையின் அம்மா வர நேரமானாலும் அபராதம் என் பேரில் விழும், ஆகவே ஐந்து மணிக்குக் கடையை விட்டு ஓடி, மிச்சமிருக்கும் பிள்ளைகளையெல்லாம் கூட்டிக்கொண்டு கடைக்கு வந்து தராசுப் பக்கத்தில் உட்கார வைப்பேன். வாடிக்கையாளர் ஒருவர், "அண்ணாச்சி, ஒங்களுக்கு எத்தனை பிள்ளைங்க?" என்று கேட்டார். குழந்தைகள் தினத்துக்குப் பையன்களுக்கு வெள்ளைத் தொப்பியும் ரோஜாப்பூவும் வேண்டும் என்று முந்தின நாள் போன் வந்தது, அதையும் நான்தான் மொத்தமாக வாங்கிக்கொண்டு போய்ப் போட்டேன். போன் அடித்தால் பிச்சைக்கனி முதலாளி இப்போதெல்லாம் ஹலோ சொல்வதில்லை. எடுத்து என் பக்கம் நீட்டி, "லிங்கராஜு, ஒன் சரக்கு" என்கிறார். அவருக்கும் கோபம் இருக்கத்தானே செய்யும். பருப்பு பேரம் பேசக் கூப்பிடுகிற ஆள் அரைமணி நேரம் லைன் கிடைக்காமல் இருந்தால், அது யாருக்கு நஷ்டம்?

போன மாசம் மூன்றாவது வாரம் ஒரு ஹர்த்தால். எதற்கென்று ஞாபகமில்லை, அறிவித்தவர்களுக்கும் இப்போது ஞாபகம் இருக்காது. பந்த் நடத்தக் கூடாது என்று கோர்ட் சொன்ன பிறகு இங்கே பந்தே நடப்பதில்லை, எல்லாம் ஹர்த்தால்தான். முந்தின சாயங்காலம் சுசீலாபாய் போன் பண்ணி, நாளை பூட்டு, பார்ட்டியிடம் சொல்லியாயிற்று என்று வைத்துவிட்டார். பார்ட்டி நான். பத்து வீட்டில் இரண்டு வீட்டில்தான் போன், மற்றவர்களுக்கு நான் எங்கே போய்ச் சொல்ல? ஹர்த்தால் என்றால் ஊருக்கே லீவு என்று பேர். ஆஸ்பத்திரிக்கு லீவு உண்டா, எக்ஸ்சேஞ்சுக்கு உண்டா, லாட்ஜில் மாட்டிக்கொண்டவனுக்குச் சோறு போட வேண்டாமா? காலையில் கிள்ளிப்பாலம் வரைக்கும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடந்து போய், பூட்டைப் பார்த்துவிட்டு, ஏழு பேர் நேரே என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றார்கள். சபீனா அழாத குறை. "அண்ணாச்சி, ஒங்கள நம்பித்தான அங்க விட்டேன். நாளைக்குக் கல்யாணம், பொண்ணுக்கு ரவிக்கை இன்னும் முடியல. ஷட்டர இழுத்து விட்டுட்டு உள்ள ஒக்காந்து தைக்கணும். பிள்ளைய யார்ட்ட விடுவேன்?"

அந்த நேரம் பார்த்துத் தெருமுனையில் ஆஸ்பத்திரி வேன் ஹாரன் அடித்தது. ஹர்த்தால் அன்றைக்கு நர்சுகளை அதுதான் வந்து ஏற்றிக்கொண்டு போகும், ஒரு தடவை அடிக்கும், இரண்டு தடவை அடிக்கும், பிறகு போய்விடும். செல்வி இடுப்பில் மஹேஷை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தாள். அவள் முகத்தை நான் அப்படிப் பார்த்ததில்லை. கெஞ்சவும் இல்லை, கோபமும் இல்லை, எப்படியும் இதுதான் நடக்கும் என்று முன்பே தெரிந்துவிட்ட மாதிரி ஒரு பார்வை. பிள்ளையைக் கையில் வாங்கிக்கொண்டு, "போ, நான் பாத்துக்கிடுதேன்" என்றேன். ஓடினாள். இரண்டாவது ஹாரனுக்கு ஏறிவிட்டாள்.

எட்டுப் பிள்ளைகளை எங்கள் வீட்டு ஒற்றை அறையில் வைத்துச் சமாளிக்க முடியாது, ஆகவே கடைக்குப் பின்னால் இருக்கும் குடோனுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். சாவி என்னிடம்தான். உள்ளே விட்டு ஒரு நிமிஷம் திரும்பினேன், ஒருத்தன் மல்லிச் சாக்கின்மேல் ஒன்றுக்குப் போய்விட்டான். ஒருத்தி கடுகுக்குள் கையை விட்டுக்கொண்டு வெளியே எடுக்க மாட்டேன் என்கிறாள். மஹேஷ் பாசிப்பயறை மூக்கில் போட்டுக்கொண்டு தும்முகிறான், வந்து விழுந்ததும் மறுபடியும் அதையே போட்டுக்கொள்கிறான். வாசலில் சுமை தூக்கும் யூனியன் ஆட்கள் ஆறு பேர் வேலையில்லாமல் சீட்டாடிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் மூத்தவன் தங்கபாண்டி, நம் சங்கரன்கோவில் பக்கத்து ஆள்தான். நான் ஒரு பிள்ளையைத் தூக்கி மூட்டைமேல் உட்கார வைத்ததைப் பார்த்துச் சீட்டைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான். "அண்ணாச்சி, இந்தக் குடோன்ல மூட்டைமேல எதை ஏத்துனாலும் எறக்குனாலும் அது எங்க வேலையாக்கும்" என்றான். சரி, இதற்கும் கூலியா என்று எனக்குத் தலை சுற்றியது. அவன் பாட்டுக்குப் பிள்ளைகளை ஒவ்வொன்றாகத் தூக்கி மூட்டைமேல் ஏற்றினான், இறக்கினான், மறுபடி ஏற்றினான். மற்றவர்களும் வந்துவிட்டார்கள். சாயங்காலம் வரைக்கும் அந்த ஆறு பேரும் வேறு வேலை பார்க்கவில்லை. ஒரு பிள்ளைக்குக்கூட ஒரு சிராய்ப்பு கிடையாது.

போகும்போது நானாகவே சட்டைப்பையில் கை விட்டேன். தங்கபாண்டி என் கையைப் பிடித்துக்கொண்டான். "குட்டிகள நோக்குனதுக்குக் கூலியா? உள்ள வையிங்க அண்ணாச்சி. என் பிள்ளைய ஊர்ல விட்டுட்டு வந்து மூணு வருஷம் ஆச்சு" என்றான். மச்சான், இந்த ஊரில் வந்த நாளிலிருந்து நோக்குகூலியைத் திட்டிக்கொண்டிருக்கிறேன். உண்மையாகவே நோக்கிய அன்றைக்கு அவர்கள் வாங்கவில்லை.

கதை அதோடு முடிந்திருந்தால் நல்லது. நடுவில் பிள்ளைகள் பசி என்று கத்தினபோது தங்கபாண்டி பாதி ஷட்டர் திறந்த டீக்கடையிலிருந்து ஒரு பொட்டலம் பஜ்ஜி வாங்கி வந்து எல்லாருக்கும் பிட்டுக் கொடுத்திருக்கிறான். அதில் முட்டை பஜ்ஜியும் இருந்திருக்கிறது. நாகேஸ்வரன் பெண்ணைச் சேர்க்கும்போதே, முட்டை பக்கத்துத் தட்டில்கூட வரக் கூடாது என்று என்னிடம் சத்தியம் வாங்கினவர். ஸ்மிதா மூன்று தின்றுவிட்டு ஆத்துக்குப் போய் நான்காவது கேட்டிருக்கிறாள். மறுநாள் காலை அவர் கடைக்கு வந்தார். சத்தம் போடவில்லை, சத்தம் போட்டிருந்தால் தேவலை. "ஓய் லிங்கராஜ், கொழந்தை ஊஞ்சல்ல ஒக்காந்துண்டு முட்டை வேணும், முட்டை வேணும்னு பாடறது. எதுத்தாத்துக்காரா எல்லாம் கேட்டுண்டு நிக்கறா. நான் என்னன்னு சொல்லட்டும்? நாளைலேர்ந்து அவ வரமாட்டா" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்.

பத்து ஒன்பதாயிற்று. அன்றைக்கு மதியமே போன் அடித்தது. முதலாளி நீட்டினார். "லிங்கராஜே, பத்துன்னு பறஞ்சு எடுத்த விலையாக்கும் அது. இப்ப ஒம்பது. லாட் ஒடஞ்சு போயி. டிசம்பர் தொட்டு எல்லாருக்கும் சில்லறை விலை தன்னே. இதுவரைக்கும் கொறச்சுத் தந்த வித்தியாசமும் நீங்க தரணும்." எனக்கு அடக்க முடியவில்லை. கடையில் ஆள் நிற்பதைக்கூடப் பார்க்காமல் கத்திவிட்டேன். "டீச்சர், அதுக என்ன கொப்பரையா? லாட்டு, வித்தியாசம்னு பேசுதீங்க, பிள்ளைங்க இல்லையா?" அவர் அமைதியாக, "எனக்கும் அதுகள் குட்டிகள்தான். பத்து எறக்குதேன், என்ன விலைன்னு கேட்டது நீங்கதானே?" என்றார். போனை வைத்துவிட்டார். முதலாளி ரிசீவரை என் கையிலிருந்து மெதுவாக வாங்கி அதன் இடத்தில் வைத்தார்.

இப்போது டிசம்பர் மாசச் சில்லறை விலை, பழைய வித்தியாசம் இரண்டும் சேர்ந்து என் தலையில் நிற்கிறது. மற்ற எட்டுப் பேரும் என் வாசலில் நிற்கிறார்கள், மொத்த விலை என்று ஆசை காட்டி மோசம் செய்துவிட்டேனாம். ஊரில் ஒரு பிள்ளையைப் பகல் வேளையில் பத்திரமாக வைத்துக்கொள்ள இத்தனை காசா என்று நான் யாரிடம் போய்க் கேட்க? ரேஷன் கடை இருக்கிறது, சப்ளைகோ இருக்கிறது, அரிசிக்கும் மண்ணெண்ணெய்க்கும் சர்க்கார் விலை வைத்திருக்கிறது. இரண்டு வயசுப் பிள்ளைக்கு மட்டும் சந்தையில் என்ன விலை கிடைக்குமோ அதுதான் விலை. நாங்கள் இரண்டு பேரும் வேலைக்குப் போவதே ஏதோ குற்றம் போலவும், அதற்கு மாசாமாசம் தண்டம் கட்டுவது போலவும் இருக்கிறது. எனக்கு எரிகிறது, மச்சான்.

ஆகவே உங்கள் பேச்சே ஜெயிக்கட்டும். யோசித்து யோசித்துப் பார்த்தேன், வேறு வழியில்லை. செல்வி வேலையை விட்டுவிடட்டும். அடுத்த ஞாயிறு நீங்கள் வேனோடு வாருங்கள். அவளிடம் நான் இன்னும் சொல்லவில்லை. நீங்கள் வந்ததும் இரண்டு பேருமாகச் சேர்ந்து சொல்லலாம். அவள் ஒருவேளை ஒன்றும் சொல்லாமல் அடுப்படிக்குப் போய்விடுவாள், அதைத் தனியாக நின்று பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

கோமதியக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகளுக்கு ஆசீர்வாதம், பெரியவன் கணக்கில் நன்றாக வருகிறான் என்று எழுதியிருந்தீர்கள், சந்தோஷம், கணக்கை யாருக்கும் போட்டுக் காட்டாமல் இருக்கச் சொல்லுங்கள். உங்கள் குலதெய்வம் சொரிமுத்தையன் உங்களையும் வேனையும் மலைப்பாதையில் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு,
கோபம் தணியாத, ஆனால் மரியாதை குறையாத,
லிங்கராஜ்

பின்குறிப்பு. செவ்வாய்க்கிழமை எழுதுவது. ஞாயிறு ராத்திரியே கடிதத்தை ஒட்டி, ஆஸ்பத்திரி வாசலில் தபால்பெட்டி இருக்கிறதே என்று செல்வியிடமே கொடுத்தேன். சரியாக ஒட்டவில்லை போலிருக்கிறது. நின்றுகொண்டே முழுக்கப் படித்தாள். அடுப்படிக்குப் போகவில்லை. உள்ளே போய் அவள் சம்பளக் கவரை எடுத்து அலமாரியில் வைத்துப் பூட்டிவிட்டு, என் சட்டைப்பையிலிருந்து என் கவரை எடுத்து மேசைமேல் வைத்தாள். "இந்த மாசம் நர்சரிக்கு இதுலயிருந்து எடுங்க" என்றாள். எடுத்தேன். "பஸ்ஸுக்கு." எடுத்தேன். "டீ, வெத்தலை, டீச்சருக்குக் குடுக்க வேண்டிய வித்தியாசம்." எல்லாம் எடுத்தேன். மிச்சம் இருந்ததோடு கவரைத் தூக்கி என் முகத்துக்கு நேரே ஆட்டிக் காட்டி, "இதுக்காகவா இத்தனை ஓட்டம்?" என்று கேட்டாள். மச்சான், நான் அதை இரண்டு வருஷமாகச் சொல்லியிருக்கிறேன். கேட்டது இதுதான் முதல் தடவை.

நேற்றே முதலாளியிடம் சொல்லிவிட்டேன், மாசக் கடைசியோடு வேலையை விட்டு நின்றுவிடுகிறேன், பிள்ளைகளை நானே பார்த்துக்கொள்ளப்போகிறேன் என்று. அவர் ரொம்ப நேரம் விரலால் மேசையைத் தட்டினார். பிறகு, குடோன் மாடி பழைய சாக்கு போட்டுச் சும்மாத்தான் கிடக்கிறது, வாடகை பேசிக்கலாம், போன் மட்டும் தனியாக வைத்துக்கொள் என்றார். மஹேஷ் அங்கே இருப்பான், நான் பார்த்துக்கொள்வேன். எட்டுப் பேரும் பிள்ளையை விடுகிறோம் என்கிறார்கள். நாகேஸ்வரனும் இன்று காலை வந்து, கொழந்தை குடோன் குடோன் என்று அழுகிறாள், முட்டை மட்டும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டார். செல்வி தையில் நிரந்தரம் ஆகட்டும். என் கோபம் கொஞ்சமும் குறையவில்லை, கோபத்துக்கு ஆள்தான் மாறிவிட்டது, இப்போது என் மேல்தான்.

ஆகவே ஞாயிற்றுக்கிழமை வேன் வேண்டாம். தங்கையைப் பார்க்க ஆசையாக இருந்தால் ஒரு வேலை நாளாகப் பார்த்து வாருங்கள், பத்துப் பிள்ளைகளுக்கு என் ஒருத்தன் கண் போதாது. சாப்பாடு போடுகிறேன். நோக்குகூலி கிடையாது.